பன்னிரண்டு மணிக்கு முதல் ஏறிய படி

சுவிசில், லாங்கன்தாலில் எங்கள் குசினிச் சுவரில் இரண்டு கலண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று நகரசபை அனுப்புவது. எந்த நாள் கடதாசி கட்டி வைக்க வேண்டும், எந்த நாள் காட்போட் அட்டை, எந்த நாள் தோட்டத்துக் குப்பை என்று அதில் போட்டிருக்கும். மற்றது கோயிலில் தருவது, நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிறது. ராகுகாலம், எமகண்டம், சுபநேரம் எல்லாம் அதில் இருக்கும். என் மனுசனுக்கு இரண்டிலும் ஒரேயளவு பயம். காட்போட்டை ஒரு நாள் முந்தி வெளியில் வைத்தால் கீழ்வீட்டு மனுசி வந்து மணி அடித்துச் சொல்லுவா. எமகண்டத்தில் இறங்கினால் ஆர் வந்து மணி அடிப்பினம் என்று நான் கேட்டால், "அது அடிக்கேக்கை உமக்குத் தெரியும்" என்பார். முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டி, நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் பார்க்கிற சனத்தோடு வாழ்கிறவர். இந்த நாட்டிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டதும் நேரம்தான், ஊரிலிருந்து கொண்டுவந்து விடாமல் வைத்திருப்பதும் நேரம்தான்.

ஆகவே பிரான்சிலிருந்து அழைப்பு வந்ததும் அவர் முதலில் பார்த்தது கோயில் கலண்டரை. ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டரை. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. விரலைத் தாளில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு சின்னச் சந்தோசம் தெரிந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் மதுமிதா, லாங்கன்தால் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இப்போது லோசானில் பிசியோதெரபி செய்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் ஒலிவியே என்ற பெடியனைக் கட்டப்போகிறேன் என்று எங்களிடம் வந்து சொல்லிப் பதினொரு மாதம். பெடியனின் தாய் தகப்பன் பிரான்சில், எல்லையிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஒரு மலையுச்சிக் கிராமத்தில் இருக்கிறார்கள். அந்த ஊரின் பெயர் என் வாயில் இன்னும் சரியாக வருவதில்லை, பிழையாக எழுத வெட்கமாக இருப்பதால் எழுதாமல் விடுகிறேன். என் மனுசன் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். எங்கட ஆட்களின் "பாப்ப"த்துக்குள் எத்தனை கலியாணம் மூச்சடங்கிப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைசியில் நான் விடாமல் அரித்ததில், "வீடு வாசலைப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்ற அளவுக்கு இறங்கினார். மகள் என்னிடம் தனியாக ஒரு வசனம் சொல்லியிருந்தாள்: "அம்மா, அப்பா ஓம் எண்டு சொல்லாமல் நான் ஒலிவியேயைக் கட்டமாட்டன். ஆனால் வேற ஆரையும் கட்டவும் மாட்டன்." இரவில் படுத்தால் இந்த வசனம்தான் வந்து நிற்கும்.

இப்போது விளங்கும், ஏன் அந்தச் சந்தோசம் எனக்குப் பிடிக்கவில்லை என்று. எமகண்டத்தில் அந்தப் படி ஏறினால் போதும், அவர்கள் தங்கத் தட்டில் சோறு போட்டாலும் இவர் திரும்பி வரும்போது "நேரம் சரியில்லை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். சரி, பன்னிரண்டுக்கு முதலே போவோம் என்றால், மகள் தொலைபேசியில் கத்துகிறாள். பிரெஞ்சு வீட்டில் பன்னிரண்டரைக்கு வரச்சொன்னால் பன்னிரண்டே முக்காலுக்குப் போகலாமாம், ஆனால் முந்திப் போகக்கூடாதாம், அவர்கள் சமைத்துக்கொண்டு நிற்பார்களாம். சுவிஸ்காரன் பிந்தினால் கோபிக்கிறான், பிரெஞ்சுக்காரன் முந்தினால் கோபிக்கிறான், எங்கட பஞ்சாங்கம் இரண்டுக்கும் கோபிக்கிறது. நான் ஒரு திட்டம் போட்டேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படியேறுவது, வெற்றிலை பலகாரத் தட்டத்தைக் கொடுப்பது, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கும்பிட்டுவிட்டு இறங்குவது. காலடி பட்டால் கணக்குச் சரி. இவரும் யோசித்துவிட்டு, செல்லும் என்றார்.

காலை ஏழரைக்கு வெளிக்கிட்டோம். எல்லையில் ஒரு காவற்காரனும் இல்லை. ஒரு பழைய கொட்டில், கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு. இவர் அந்த இடத்தில் வழக்கம்போலக் காரை மெதுவாக்கினார். நாங்கள் வந்த புதிதில் எங்களிடம் இருந்த அகதிக் கார்டோடு எல்லைப்பக்கம் போகவே ஏலாது. இப்போது சுவிசின் சிவப்புக் கடவுச்சீட்டு இருந்தும் அவருடைய கால் தானாக பிரேக்கைத் தேடும். கடவுச்சீட்டு வந்த பிறகு பிரான்சுக்கு இருபது தடவையாவது போயிருப்பேன். ஆனால் பிரான்ஸ் என்றால் எங்களுக்குப் பாரிஸ், பாரிஸ் என்றால் கலியாண வீடு, சேலைக்கடை, முருங்கைக்காய். ஒரு பிரெஞ்சு ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது அன்றைக்கு, அந்தக் கிராமம் மலைமேல் திடீரென்று தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

என்ன சொல்ல! மதிலும் கோபுரமும் கூரையும் ஒரே கல்லு நிறம். மலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. பத்தரைக்குக் கீழே காரை விட்டோம். நான் காஞ்சிபுரம் சேலை, அதற்குக் கீழே ஓடுகிற சப்பாத்து, நல்ல செருப்பு கைப்பையில். இவர் கோட் சூட், இரண்டு கையிலும் மஞ்சள் துணி மூடிய தட்டம்: வெற்றிலை, பாக்கு, கதலிப்பழம், தேங்காய், பயற்றம் பணியாரம், மகளுக்குப் பிடித்த சிப்பிப் பலகாரம். கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் நான் அண்ணாந்து பார்த்தேன். சுவரின் இரண்டு பக்கமும் நெடுக ஒரு தவாளிப்பு, ஒரு காலத்தில் மேலே இருந்து இரும்புப் படலையை இறக்கிய வழி. கையை அதற்குள் விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் போனது. இவர் "கல்லு எல்லா இடத்திலையும் கல்லுத்தான்" என்று சொல்லிக்கொண்டு தட்டத்தோடு நின்றார்.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்தது பைத்தியம். எனக்கு ஐம்பத்து நாலு வயது. அன்று காலை எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்க வீட்டுச் சுவரும் முட்டுகிற ஒழுங்கைகள். மேல்மாடிகள் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, எதிர்வீட்டோடு நெற்றி முட்டாத குறை. ஒரு வீட்டுக்காரி யன்னலால் கை நீட்டி மற்ற வீட்டுக்குச் சீனி கொடுக்கலாம். கோபுரத்துக்குள் சுருண்டு ஏறுகிற படிக்கட்டு, ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்து கிடந்தது. எத்தனை கால் மிதித்திருக்கும்! அம்பு விடுகிற ஒடுங்கிய துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன், கீழே எங்கள் கார் தெரிந்தது. ஒரு அம்பு விட்டேன், வாயால். ஒரு மூலையில் கூரை போட்ட பெரிய கல்தொட்டி, ஊர்ப் பெண்கள் உடுப்புத் தோய்த்த இடம், தண்ணீர் இன்றைக்கும் ஓடுகிறது. நான் வயோதிபர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள், அந்தச் சரிந்த கல்லைத் தடவியதும் எந்த இடத்தில் நின்று அடித்திருப்பார்கள் என்று கைக்குத் தெரிந்தது. பேர்ணில் இதைவிடப் பெரிய பழைய நகரம் இருக்கிறது. அங்கே ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் எட்டு வருடம் வேலை செய்தேன். டிராமைப் பிடிக்க ஓடினதே தவிர ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. வேலைக்குப் போகிற ஊரை யார்தான் பார்க்கிறார்கள்?

"இன்னும் ஒரே ஒரு ஒழுங்கை" என்று சொல்லிச் சொல்லி இவரை இழுத்துக்கொண்டு போனேன். தேவாலய மணிக்கூட்டைப் பார்த்தபோது பதினொன்று நாற்பது. போனை எடுத்தால், அந்தக் கல்லுச் சுவர்களுக்குள் சிக்னல் செத்துவிட்டது. வீடுகளுக்கு இலக்கம் இல்லை. மகள் சொன்ன அடையாளம் எனக்கு ஞாபகம் இருந்தது: தேவாலயத்துக்குப் பின்னால் வளைவு, வளைவு தாண்ட நீலக் கதவு, பக்கத்தில் ரோசாக்கொடி. பின்னால் போனால் மூன்று வளைவு! முதலாவதில் கதவு பச்சை. இரண்டாவது ஒழுங்கை ஒரு மதிலில் போய் முடிந்தது. இவருடைய நடை மெதுவாகியது, அதுதான் எனக்குப் பயம். எல்லாம் என்னால் வந்தது என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாவது வளைவு தாண்டினால், நீலக் கதவு, ரோசாக்கொடி, கதவில் ஏதோ அழகாக எழுதின ஒரு சின்னப் பலகை. எங்களை வரவேற்கத்தான் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நெஞ்சு குளிர்ந்து மணியை அடித்தேன். செருப்பு மாற்றவும் மறந்துவிட்டேன். பதினொன்று ஐம்பத்து மூன்று.

அறுபத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஒரு மனிதர் ஏப்ரனோடு கதவைத் திறந்து, முகம் மலர்ந்து, "பொன்ஜூர், அந்த்ரே, அந்த்ரே" என்று உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினார். இவர் வலது காலை எடுத்து வைத்தார். நான் மனதுக்குள் எங்கள் கோயில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். சம்பந்தியின் முகம் எங்களுக்குத் தெரியாது. ஒலிவியே காட்டிய ஒரே படத்தில் குடும்பம் முழுக்கப் பனிச்சறுக்கல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்றது. இவர் மகள் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிய வசனத்தை, எங்களை வரவேற்றதற்கு நன்றி என்று, ஒரே மூச்சில் பிரெஞ்சில் சொல்லித் தட்டத்தை நீட்டினார். மனிதர் ஒரு கணம் திகைத்து, பிறகு இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தார். இரண்டு கையாலும் வாங்கினாரே என்று இவருக்குப் பரம திருப்தி.

கதவடியில் திரும்புகிற திட்டம் அங்கேயே போனது. மனிதர் ஒரு காலத்தில் எல்லை தாண்டிச் சுவிசில் வேலை செய்தவராம், உடைந்த ஜெர்மன் கதைத்தார். பெயர் கில்பேர் என்றார்; மகள் எங்களிடம் எப்போதும் "ஒலிவியேயின் அப்பா" என்றுதான் சொல்லியிருந்தாள். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார், இவர் லாங்கன்தால் என்றார். மனிதர் தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார். சுவிசில் அந்தக் கேள்விக்குப் பின்னால் கட்டாயம் இன்னொரு கேள்வி வரும், உண்மையில் எங்கேயிருந்து என்று. அது வராததில் இவர் ஒரு படியை எதிர்பார்த்துக் கால் வைத்தவர் போலத் தடுமாறினார். மகளையும் பெடியனையும் காணவில்லை, பன்னிரண்டரைக்கு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டோம்; கலியாணக் கதையை நாங்கள் எடுக்கவில்லை. எங்கட முறையில் வந்த உடனே விஷயத்துக்கு இறங்கினால் அது சந்தைக்குப் போனமாதிரி. வீட்டைப் பற்றிக் கதைக்க வேண்டும், மழையைப் பற்றிக் கதைக்க வேண்டும். அவரும் கதைத்தார், எங்களைவிட ஆர்வமாக. ஒரு மாட்டை முழுதாகச் சுடக்கூடிய அடுப்பங்கரையைக் காட்டினார். நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இவர் உத்தரத்தைத் தட்டிப் பார்த்து என்ன மரம் என்று கேட்க, கில்பேருக்கு வந்த சந்தோசத்தில் ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனிசன், மகளைக் கொடுக்கலாம் என்று நான் முடிவே எடுத்துவிட்டேன்.

பிறகு பின்முற்றத்துக்குப் போனோம். அங்கே ஒரு கிணறு, அதன் நடுவாலே ஒரு கல் மதில்! கிணற்றில் பாதி இந்த முற்றத்தில், பாதி மதிலுக்கு அப்பால். அந்தக் காலத்தில் இது ஒரே பெரிய வீடு என்றும், இரண்டு சகோதரர் பகைத்துப் பிரித்துக்கொண்டார்கள் என்றும் கில்பேர் ஜெர்மனிலும் கையாலும் விளக்கத் தொடங்க முதலே இவருக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சேர், வந்து பாரும்," என்றார். "பங்குக் கிணறு."

பதினொரு மாதத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் காணவில்லை. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இவருடைய தகப்பனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு பங்குக் கிணறு இருந்தது. அதற்காக நடந்த வழக்கில் தகப்பனுக்குக் காணி உறுதிப் பத்திரம் வாசித்துக் காட்டியே வளர்ந்தவர் இவர். "கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று இன்றைக்கும் நித்திரையில் எழுப்பினாலும் சொல்லுவார். வழக்குத் தீர முதல் ஆமி வந்தது, இரண்டு பகுதியும் ஓடியது. இப்போது அங்கே வீடும் இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டது, சண்டை பிடித்த எல்லையும் எது என்று தெரியாது. கில்பேரின் கையைப் பிடித்துக்கொண்டு இவர் வாளி எந்தப் பக்கம், துலா இருந்ததா, துப்புரவாக்குகிற செலவு யாருக்கு என்று ஜெர்மனில் கேட்டுக்கொண்டு நின்றார். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் மதிலுக்கு அப்பாலிருந்து என் மகளின் குரல், கிணற்றுக்குள் விழுந்து எழும்பி, வந்தது. பிரெஞ்சில் ஆருக்கோ படபடவென்று எதையோ சொல்லிவிட்டு, தனக்குத்தானே, "ஐயோ, எங்கை போட்டினம் இவை" என்றது.

"மதுமி!" என்றேன்.

"அம்மா? எங்கை நிக்கிறீங்கள்?"

"ஒலிவியே வீட்டிலதான் நிக்கிறம்."

"அம்மா, ஒலிவியே வீட்டில நான் நிக்கிறன்."

பிறகு நடந்ததைச் சொல்லவே வெட்கம். மகள் ஓடிவந்தாள், பின்னால் ஒலிவியேயும். கதவில் தொங்கிய பலகையை வாசித்து எனக்குச் சொன்னாள்: பழைய நிலவறையையும் கிணற்றையும் பார்க்க விரும்புகிறவர்கள் மணியை அடிக்கவும். கில்பேர் எங்களை ஊர் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார். தட்டம் எங்கட நாட்டு வழக்கமாக்கும் என்று நினைத்திருக்கிறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் ஒருவர் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு இருபத்தெட்டு.

அடுத்த நீலக் கதவு இருபது அடி தள்ளித்தான், அதற்கும் அதே ரோசாக்கொடி. சம்பந்தியும் சம்பந்தி மனுசியும் வாசலில் நின்று வாங்கோ வாங்கோ என்று கை காட்டினார்கள். கில்பேர் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். இவர் படிக்குக் கீழே, ஒழுங்கையில், நின்றுவிட்டார். எமகண்டம் நடு உச்சம். மகளுக்கு விளங்கிவிட்டது, அவள் முகத்தில் இரத்தம் இல்லை. ஒலிவியே ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தான். நான் ஊர் பார்த்து ஆடினதற்கு என் பிள்ளை விலை கொடுக்கப்போகிறாளே என்று எனக்குக் கண் முட்டியது.

இவர் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, உன்ர மாமாவிட்டை ஒண்டு கேள். அந்தக் கிணறு இப்பவும் ரெண்டு வீட்டுக்கும் பொதுவோ? உறுதியில அப்பிடியோ கிடக்கு?"

மகள் கேட்டாள். உன்ர மாமா என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாளோ தெரியாது, நான் கவனித்தேன். சம்பந்தி ஓம் ஓம் என்று தலையாட்டி, உறுதியில் கிணறு ஒன்றுதான், பிரிக்கப்படாதது, இரண்டு வீட்டுக்கும் உரித்து என்றார். கில்பேரும் சாட்சி சொன்னார்.

"பிரிக்காத காணி," என்றார் இவர். "அப்ப நாங்கள் பன்னிரண்டுக்கு முதலே வந்திட்டம்." வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

மனமுண்டானால் மார்க்கமுண்டு என்பது இதுதான். கொக்குவில் வழக்கில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத பரம்பரை, மகளுக்காக இரண்டு வீட்டை ஒரு வீடாக்கியது. நான் அந்தப் படியிலேயே அழுதுவிட்டேன். சம்பந்தி மனுசி என்னைக் கட்டிப்பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று என்று கொஞ்சினா. என் சப்பாத்தைப் பார்த்து, இந்த ஊருக்கு இதுதான் சரி என்று சொன்னாவாம்.

சாப்பாடு மூன்று மணித்தியாலம் நடந்தது. கில்பேருக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்தார்கள், பயற்றம் பணியாரத்தில் பாதியை அவரே முடித்தார். ஆனால் இவர் படியேறினாரே ஒழிய ஓம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. மகள் ஒவ்வொரு கோப்பையும் மாறும்போது தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவர் பாலாடைக்கட்டியை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

ராகுகாலத்துக்கு முதல் வெளிக்கிட வேண்டும் என்று எழும்பினோம். போக முதல் கோட்டை மதிலைக் காட்டுகிறோம் என்று எல்லாரும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நல்ல காற்று. கீழே பச்சை வயல், காடு, அதற்கும் அப்பால் கிழக்கே, வானத்தோடு ஒட்டினபடி, மெல்லிசாக அல்ப்ஸ் பனி தெரிந்தது. சம்பந்தி ஒலிவியேயின் தோளில் கை வைத்துக்கொண்டு இவரிடம் ஏதோ கேட்டார். மகள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா, கலியாணம் நடந்தால், எங்கை வைக்க உங்களுக்கு விருப்பம் எண்டு கேக்கிறார். நடந்தால் எண்டுதான் கேக்கிறார்."

இவர் மகளின் பக்கம் திரும்பினார்.

"அதென்ன நடந்தால்? நடக்கும். எங்கட ஊரிலதான் வைக்கவேணும் எண்டு சொல்லு."

மகள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டாள்.

"அப்பா, எந்த ஊர் எண்டு சொல்ல?"

இவர் கையை நீட்டி அந்தப் பனி தெரிந்த இடத்தைக் காட்டினார். லாங்கன்தால் அந்தப் பக்கம்தான். யாழ்ப்பாணமும் அந்தப் பக்கம்தான். சம்பந்தியும் கில்பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் காட்டிய திசையில் ஊரைத் தேடினார்கள். மகள் மொழிபெயர்க்காமல் நின்றாள். அவர் நீட்டின கையை இறக்கவில்லை.